ரிலீஃப், சீக்வென்ஸ், ரெடியூசிங், கவுண்டர்பேலன்ஸ்: ஹைட்ராலிக், நியூமாட்டிக் சொற்களைப் பிரித்தறிவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது: இயந்திரவியலில் டிப்ளமோ முடித்து, ஒரு பிரஸ் ஷாப்பின் பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவருக்கு, ஹைட்ராலிக் வரைபடத்தில் வரும் ரிலீஃப், சீக்வென்ஸ், ரெடியூசிங், கவுண்டர்பேலன்ஸ் வால்வுகள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றுகின்றன, 4/3, 5/2 என்னும் எண்களும் மீட்டர்-இன், மீட்டர்-அவுட் வேறுபாடும் மனத்தில் நிற்கவில்லை, காற்றில் இயங்கும் பகுதியில் இதே சொற்கள் இதே வேலையைத்தான் குறிக்கின்றனவா என்ற ஐயமும் இருக்கிறது. வரையறைகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வது இதற்குப் பயன்படாது. ஒரு வால்வு அழுத்தம், ஓட்டம், திசை ஆகிய மூன்றில் எதைக் கட்டுப்படுத்துகிறது, அதைச் செய்வதற்கான சிக்னலை எந்த லைனிலிருந்து பெறுகிறது என்ற இரண்டையும் கேட்டுப் பழகினால், பெயர்களில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் பம்ப்பைப் பற்றிய பரவலான ஓர் எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும். பம்ப் தருவது ஓட்டம் மட்டுமே. அந்த ஓட்டத்தைத் தடுக்கும் சுமைதான் அழுத்தத்தை எழுப்புகிறது. பிரஸ்ஸின் ராம் (கீழே இறங்கி அழுத்தும் பகுதி) எதையும் தொடாமல் இறங்கும்போது கேஜ் சில பத்து பார் மட்டுமே காட்டுவதும், பணிப்பொருளைத் தொட்டதும் முள் சட்டென்று மேலே ஏறுவதும் இதனால்தான். ஆகவே பிரஷர் ஏறவில்லை என்ற புகார் வந்தவுடன் பம்ப்பைக் கழற்றத் தொடங்குவது பெரும்பாலும் வீண்வேலை. எண்ணெய் எங்கோ எளிதான வழி கண்டு டேங்கிற்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, ரிலீஃப் வால்வின் இருக்கையில் தூசு சிக்கித் திறந்தே நிற்கிறதா, சொலினாய்டு (மின்காந்தச் சுருள்) இழுத்தும் ஸ்பூல் (வால்வுக்குள் நகர்ந்து வழிகளை மாற்றும் உருளைத்தண்டு) நகராமல் கிடக்கிறதா, பிஸ்டன் சீல் தேய்ந்துவிட்டதா என்று தேடுவதே முறை. பம்ப்பே தேய்ந்திருந்தால் அழுத்தம் ஏற ஏற வேகம் குறைந்துகொண்டே வரும். அந்த அறிகுறியைத் தனியாக இனம் காணலாம்.

இனி வரும் எல்லாவற்றிற்கும் ஒரே சிலிண்டரை எடுத்துக்கொள்வோம்: போர் (உள்விட்டம்) 100 மி.மீ., ராடு (பிஸ்டனோடு இணைந்த தண்டு) 70 மி.மீ. பிஸ்டனின் முழுப் பரப்பு 78.5 சதுர செ.மீ.; ராடு இருக்கும் பக்கத்தில் எஞ்சும் வளையப் பரப்பு ஏறத்தாழ 40 சதுர செ.மீ. ஒரு பார் என்பது ஒரு சதுர செ.மீ. மீது 10 நியூட்டன் என்பதால், 200 பாரில் இந்தச் சிலிண்டர் முன்னோக்கித் தள்ளும் விசை 157 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 16 டன். பழைய இயந்திரங்களின் பெயர்ப்பலகையில் அழுத்தம் கி.கி./ச.செ.மீ. என்று இருக்கும், அது பாருக்கு மிக நெருங்கிய அளவு என்பதால் தளத்தில் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளலாம். பி.எஸ்.ஐ. என்று போட்டிருந்தால் 14.5 ஆல் வகுக்க வேண்டும். விசை அழுத்தத்தையும் பரப்பையும் பொறுத்தது. வேகமோ ஓட்டத்தையும் பரப்பையும் பொறுத்தது. ஒரு சுற்றுக்கு 28 க.செ.மீ. தள்ளும் பம்ப், 1450 சுற்று வேகத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 40 லிட்டர் தரும். அதில் நம் சிலிண்டர் நொடிக்கு 8.5 செ.மீ. வேகத்தில் நீளும், 16.6 செ.மீ. வேகத்தில் திரும்பும். திரும்பும்போது 40 லிட்டர் உள்ளே போனால் மறுபக்கத்திலிருந்து ஏறத்தாழ 78 லிட்டர் வெளியே வரும். ரிட்டர்ன் ஃபில்டரைப் பம்ப்பின் அளவைப் பார்த்து வாங்கிவிட்டு, அது ஏன் அடிக்கடி பைபாஸ் ஆகிறது என்று வியப்பவர்கள் கவனிக்க மறந்தது இந்த எண்ணைத்தான். லிட்டரையும் பாரையும் பெருக்கி 600 ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும்: 40 லிட்டர், 200 பார் என்றால் 13.3 கிலோவாட்.

இப்போது அழுத்த வால்வுகள். குழப்பம் மிகுதியாக இருப்பது இங்கேதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்க்கலாம். வரைபடத்தில் இவை யாவும் உள்ளே ஓர் அம்புக்குறி கொண்ட ஒற்றைச் சதுரமாகவும், ஒரு பக்கத்தில் ஸ்பிரிங்குடனும், மறுபக்கத்தில் உடைந்த கோடாக வரும் பைலட் லைனுடனும் (வால்வை இயக்கும் அழுத்தச் சிக்னலைக் கொண்டுவரும் லைன்) வரையப்படுகின்றன, ஐ.எஸ்.ஓ. 1219 தரத்தின்படி வரையப்பட்ட எந்த நாட்டு வரைபடத்திலும் இப்படியே இருக்கும். சதுரத்தைப் பார்த்தவுடன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இயல்பு நிலையில் இது மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? பைலட் லைன் நுழைவுப் பக்கத்திலிருந்து வருகிறதா, வெளியேறும் பக்கத்திலிருந்தா, வேறோர் இடத்திலிருந்தா? வெளியேறும் எண்ணெய் டேங்கிற்குப் போகிறதா, வேலைக்குப் போகிறதா? ஸ்பிரிங் இருக்கும் அறையின் கசிவு உள்வழியாகவே வடிகிறதா, தனி டிரெய்ன் லைனில் போகிறதா?

ரிலீஃப் வால்வு இயல்பில் மூடியது. நுழைவுப் பக்க அழுத்தத்தைப் பார்க்கிறது. அது ஸ்பிரிங் விசையை மிஞ்சியதும் திறந்து டேங்கிற்கு விடுகிறது. டேங்க் பக்கம் அழுத்தம் ஏதும் இல்லையென்பதால் கசிவை உள்வழியாகவே அங்கே வடித்துவிடலாம். சீக்வென்ஸ் வால்வும் இயல்பில் மூடியதுதான், நுழைவுப் பக்கத்தைத்தான் பார்க்கிறது. ஆனால் திறந்ததும் எண்ணெயை இன்னொரு சிலிண்டருக்கு அனுப்புகிறது. கிளாம்ப் இறுகி அழுத்தம் 60 பாரைத் தொட்ட பிறகே துளையிடும் தலை நகர வேண்டும் என்பது போன்ற வரிசைக்கு இதுவே கருவி. வெளியேறும் பக்கத்திலும் அழுத்தம் நிற்கும் என்பதால் கசிவை அங்கே விட முடியாது; தனி டிரெய்ன் கட்டாயம் வேண்டும். ரெடியூசிங் வால்வு இவற்றுக்கு நேர்மாறானது: இயல்பில் திறந்தது, வெளியேறும் பக்கத்தைப் பார்க்கிறது, அங்கே அழுத்தம் செட்டிங்கை எட்டியதும் வழியைக் குறுக்குகிறது. மெயின் லைனில் 200 பார் இருக்கும்போதே மெல்லிய பணிப்பொருளைப் பிடிக்கும் கிளாம்ப்புக்கு 50 பார் மட்டும் தருவது இதன் வேலை. இதற்கும் தனி டிரெய்ன் உண்டு. அந்த டிரெய்ன் லைன் அடைபட்டால் அங்கே தேங்கும் அழுத்தம் ஸ்பிரிங்கோடு சேர்ந்துகொள்ளும், கிளாம்ப் அழுத்தம் காரணமின்றி ஏறியதுபோலத் தோன்றும். திருகை எவ்வளவு தளர்த்தியும் அழுத்தம் இறங்காத ரெடியூசிங் வால்வில் நான் முதலில் பார்க்கச் சொல்வது டிரெய்ன் லைனைத்தான்.

அன்லோடிங் வால்வு டேங்கிற்கு விடுவதில் ரிலீஃப் வால்வைப் போன்றதே, ஆனால் பைலட் சிக்னலை வேறொரு லைனிலிருந்து வாங்குகிறது. இரு பம்ப் கொண்ட பிரஸ்ஸில் ராம் விரைந்து இறங்கும்வரை இரண்டு பம்ப்பும் சேர்ந்து தள்ளும்; அழுத்தம் ஏறியதும் சிறிய பம்ப்பின் லைனிலிருந்து வரும் பைலட், பெரிய பம்ப்பின் அன்லோடிங் வால்வைத் திறந்து, அதன் எண்ணெயை ஏறத்தாழ அழுத்தமே இல்லாமல் டேங்கிற்கு அனுப்பிவிடும். ரிலீஃப் வால்வு வழியாக எண்ணெய் போனால் அழுத்தம் முழுவதும் வெப்பமாகும். அன்லோடிங் வால்வு வழியாகப் போனால் அந்த இழப்பு இல்லை. மேலே சொன்ன கணக்கின்படி 200 பாரில் நிமிடத்திற்கு 20 லிட்டர் எண்ணெய் ரிலீஃப் வால்வில் வழிந்துகொண்டே இருந்தால் 6.7 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை டேங்கிற்குள் போட்டு வைத்ததற்குச் சமம்.

கவுண்டர்பேலன்ஸ் வால்வு, தன் எடையாலேயே இறங்கப் பார்க்கும் சுமையைத் தாங்குவதற்கு உரியது. நம் சிலிண்டர் மேலே பொருத்தப்பட்டு, அதன் ராடில் 1,500 கிலோ எடையுள்ள ராம் தொங்குகிறது என்று கொள்வோம். அந்த எடை வளையப் பரப்பில் ஏறத்தாழ 37 பார் அழுத்தத்தை உண்டாக்கும். ராடு பக்க லைனில் வைக்கும் கவுண்டர்பேலன்ஸ் வால்வை இதைப் போல் 1.3 மடங்குக்கு, அதாவது 48 பாருக்கு, அமைப்பது வழக்கம். அப்போது எடை மட்டும் அதைத் திறக்க முடியாது, மேல் பக்கத்திலிருந்து எண்ணெய் தள்ளினால்தான் ராம் இறங்கும். மேலே ஏறும்போது எண்ணெய் தடையின்றிப் போவதற்காக இதனுள்ளேயே ஒரு செக் வால்வும் (ஒரே திசையில் மட்டும் ஓட்டத்தை விடுவது) சேர்ந்திருக்கும்.

பம்ப்பிலேயே பிரஷர் கம்பென்சேட்டர் இருக்கும் அமைப்பில் ரிலீஃப் வால்வை எங்கே அமைப்பது என்பது இதை ஒட்டிய கேள்வி. கம்பென்சேட்டர் அழுத்தம் எட்டியதும் பம்ப்பின் ஓட்டத்தையே குறைத்துவிடுவதால், ரிலீஃப் வால்வு அங்கே பாதுகாப்புக்கு மட்டுமே. இரண்டையும் ஒரே எண்ணில் அமைத்தால் பம்ப் ஓட்டத்தைக் குறைக்கும் முன்பே ரிலீஃப் வால்வு கசியத் தொடங்கி எண்ணெய் கொதிக்கும்; ரிலீஃப் செட்டிங் 15 முதல் 20 பார் மேலே இருக்கட்டும்.

திசை வால்வுகளின் எண்கள் எளியவை. முதல் எண் எண்ணெயோ காற்றோ போய்வரும் போர்ட்டுகளின் (இணைப்புத் துளைகளின்) எண்ணிக்கை, இரண்டாவது எண் ஸ்பூல் நிற்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை. பைலட் போர்ட்டுகள் இதில் சேராது. 4/3 என்றால் பம்ப், டேங்க், சிலிண்டரின் இரு பக்கங்கள் ஆக நான்கு போர்ட், மூன்று நிலை. வரைபடத்தில் ஒவ்வொரு சதுரமும் ஒரு நிலை. லைன்கள் ஓய்வுநிலைச் சதுரத்தில் இணைத்துக் காட்டப்படும். சொலினாய்டு இழுக்கும்போது அதை ஒட்டிய சதுரம் நகர்ந்து வந்து லைன்களின் மேல் அமர்வதாக நினைத்துப் படிக்க வேண்டும். நடு நிலையில் நான்கும் அடைபட்டிருந்தால் குளோஸ்டு சென்டர். நான்கும் இணைந்திருந்தால் ஓப்பன் சென்டர். பம்ப் மட்டும் டேங்கோடு இணைந்து சிலிண்டர் போர்ட்டுகள் அடைபட்டிருந்தால் டேண்டம். பம்ப் அடைபட்டு, சிலிண்டரின் இரு போர்ட்டுகளும் டேங்கோடு இணைந்திருந்தால் ஃபுளோட்.

குளோஸ்டு சென்டரில் போர்ட்டுகள் அடைபட்டிருக்கும்போதும் சுமை ஏன் மெல்ல இறங்குகிறது என்பது அனேகமாக எல்லோருக்கும் வரும் சந்தேகம். ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளி இருந்தால்தான் ஸ்பூல் நகர முடியும். அந்த இடைவெளி வழியே எண்ணெய் எப்போதும் கசியும். புத்தம் புதிய வால்விலும் இது உண்டு. சுமையை மணிக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டுமானால் கூம்பு வடிவ இருக்கையில் உட்காரும் பைலட்-ஆப்பரேட்டட் செக் வால்வு (பைலட் அழுத்தம் வந்தால் எதிர்த்திசையிலும் திறப்பது) வேண்டும். அதோடு சேர்த்துப் போடும் திசை வால்வு ஃபுளோட் சென்டராக இருப்பது நல்லது. குளோஸ்டு சென்டரைப் போட்டால் செக் வால்வைத் திறந்து வைத்திருக்கும் பைலட் அழுத்தம் வடிய வழியில்லாமல் சிக்கிக்கொண்டு, செக் வால்வு தாமதமாகவே மூடும்.

சுமை இறங்கினால் பிஸ்டன் சீலைக் குறை சொல்வதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுமை ராடை உள்ளே தள்ளும் அமைப்பில், இரு போர்ட்டுகளும் உறுதியாக அடைபட்டிருந்தால், பிஸ்டன் சீல் முற்றிலும் போயிருந்தாலும் சிலிண்டர் இறங்காது. உள்ளே நுழையும் ராடு தன் கனஅளவுக்கு எண்ணெயை வெளியேற்றியாக வேண்டும், அதற்கு வழியில்லை. உள்ளே அழுத்தம் ஏறுமே தவிர, எண்ணெய் அமுங்கும் அளவுக்கு மேல் ராடு நகராது. அங்கே இறக்கம் தெரிந்தால் குற்றவாளி வெளியே, வால்வில் இருக்கிறது. மேலிருந்து தொங்கும் ராமில் நிலைமை வேறு. சுமை ராடை வெளியே இழுப்பதால் சீலையும் சந்தேகிக்க வேண்டும்.

வேகத்தைக் குறைக்க, சிலிண்டருக்குள் போகும் எண்ணெயை நெரித்தால் மீட்டர்-இன், வெளியேறும் எண்ணெயை நெரித்தால் மீட்டர்-அவுட், உள்ளே போகும் லைனிலிருந்து ஒரு பகுதியை டேங்கிற்குக் கிளை பிரித்து விட்டால் பிளீட்-ஆஃப். சுமை முன்னால் இழுத்துக்கொண்டு ஓடும் வேலைகளில், துளையை ஊடுருவி வெளியேறும் டிரில் போல, மீட்டர்-இன் பயன்படாது. சுமை எண்ணெயை முந்திக்கொண்டு போய்விடும். மீட்டர்-அவுட் அதைப் பிடித்து நிறுத்தும். ஆனால் இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நம் சிலிண்டரின் இரு பரப்புகளின் விகிதம் 1.96. நீளும்போது ராடு பக்கத்தை நெரித்தால், சுமையே இல்லாத நிலையில் மேல் பக்கத்து 200 பார் ராடு பக்கத்தில் ஏறத்தாழ 390 பாராகும். பம்ப் லைனின் கேஜ் 200 என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஹோஸ் வெடிப்பதோ ராடு பக்கத்தில். பருத்த ராடுள்ள சிலிண்டரில் மீட்டர்-அவுட் போடும் முன் அந்தப் பக்கத்து ஹோஸும் ஃபிட்டிங்கும் எத்தனை பாருக்கு உரியவை என்று பார்த்துவிட வேண்டும்.

நியூமாட்டிக் பகுதிக்கு வந்தால், தத்துவங்கள் இவையே, அளவுகள் வேறு. தொழிற்சாலை ஏர் லைனின் 6 பாரில் நம் 100 மி.மீ. சிலிண்டர் தரும் விசை 4.7 கிலோநியூட்டன், ஏறத்தாழ 480 கிலோ. எண்ணெயில் 16 டன் தந்த அதே போர். காற்று அமுங்கும் என்பதே அடிப்படை வேறுபாடு. இதனால்தான் காற்றுச் சிலிண்டரில் மீட்டர்-அவுட் ஏறத்தாழ எழுதப்படாத விதியாக இருக்கிறது: உள்ளே வரும் காற்றை நெரித்தால் பிஸ்டன் உராய்வில் நின்று, அழுத்தம் சேர்ந்ததும் குதித்து, மறுபடி நிற்கும். வெளியேறும் காற்றை நெரித்தால் இரு பக்கமும் அழுத்தம் நின்று நகர்வு சீராகும். சிலிண்டர் போர்ட்டிலேயே முடுக்கும் ஸ்பீடு கன்ட்ரோலரில் ஒரு செக் வால்வும் இருப்பது, காற்று உள்ளே தடையின்றிப் போகவும் வெளியேறும்போது மட்டும் நெரிபடவுமே. இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு: லைனில் காற்றை வடித்துவிட்டு மறுபடி தொடங்கும் முதல் நகர்வில் எதிர்ப்பக்கம் வெறுமையாக இருப்பதால் சிலிண்டர் பாய்ந்துவிடும். மெயின் லைனில் சாஃப்ட்-ஸ்டார்ட் வால்வு வைப்பது இதற்காகத்தான்.

எண்ணெய் டேங்கிற்குத் திரும்பியாக வேண்டும், காற்று அப்படியே வெளியே போகலாம். ஹைட்ராலிக்கில் நான்கு போர்ட்டும் நியூமாட்டிக்கில் ஐந்து போர்ட்டும் வழக்கமானதற்குக் காரணம் இதுவே. ஐந்தில் 1 காற்று வருவது, 2, 4 சிலிண்டருக்குப் போவது, 3, 5 வெளியேற்றம். பைலட் போர்ட்டுகள் 12, 14. 14 இல் சிக்னல் வந்தால் 1 உம் 4 உம் இணையும், 12 இல் வந்தால் 1 உம் 2 உம் இணையும். 5/2 வால்வில் ஒரு சொலினாய்டும் ஸ்பிரிங்கும் இருந்தால் மின்சாரம் போனதும் பழைய நிலைக்குத் திரும்பும். இரண்டு சொலினாய்டு இருந்தால் கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். பணிப்பொருளைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்கு இரண்டாவது வகையே பொருத்தம். மின்தடையில் பிடி தளரக் கூடாது அல்லவா.

ஏர் லைனின் தொடக்கத்தில் வரும் எஃப்.ஆர்.எல். என்பது ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர் மூன்றும் சேர்ந்த தொகுதி. ரெகுலேட்டர் என்பது ஹைட்ராலிக்கின் ரெடியூசிங் வால்வேதான். டிரெய்ன் லைனுக்குப் பதிலாக மிகையழுத்தத்தை வெளியே ஊதிவிடும் துளை இருக்கும். இக்காலச் சிலிண்டர்களும் வால்வுகளும் தொழிற்சாலையிலேயே கிரீஸ் இடப்பட்டு வருவதால் லூப்ரிகேட்டர் பல இடங்களில் தேவையில்லை. ஒருமுறை எண்ணெய் விடத் தொடங்கினால் கிரீஸ் கழுவப்பட்டுவிடும், பிறகு நிறுத்த முடியாது. காற்றின் செலவைக் கணக்கிடும்போது கேஜ் காட்டும் 6 பாரோடு வளிமண்டலத்தின் ஒரு பாரைச் சேர்த்து 7 என்று கொள்ள வேண்டும்: 200 மி.மீ. ஸ்ட்ரோக்கில் நம் சிலிண்டரின் கனஅளவு 1.57 லிட்டர், ஆகவே ஒரு நீட்சிக்கு 11 லிட்டர் சாதாரணக் காற்று. ஒரு 3 மி.மீ. ஓட்டை 6 பாரில் நொடிக்கு 8 முதல் 10 லிட்டர் வரை வீணாக்கும் என்பதை இதனோடு ஒப்பிட்டால், இரவில் இயந்திரங்கள் நின்றிருக்கும்போதும் கம்பிரஸர் ஏன் ஓடுகிறது என்பது புரியும்.

புரொபோர்ஷனல், சர்வோ வால்வுகளைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும்: சாதாரணச் சொலினாய்டு ஸ்பூலை ஒரு முனைக்கு இழுத்துவிடும், புரொபோர்ஷனல் சொலினாய்டு மின்னோட்டத்தின் அளவுக்கேற்ப இடையில் எங்கும் நிறுத்தும், சர்வோ வால்வு அதைவிட நுண்ணியதாகவும் விரைவாகவும் செய்யும், அதற்கேற்பத் தூசைச் சற்றும் பொறுக்காது.

தூசுக்கும் ஒரு மொழி இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 4406 இன்படி 18/16/13 என்று எழுதினால், ஒரு மில்லிலிட்டர் எண்ணெயில் 4, 6, 14 மைக்ரானும் அவற்றுக்கு மேலும் உள்ள துகள்களின் எண்ணிக்கைக்கான குறியீடுகள் அவை. 18 என்றால் 1,300 க்கு மேல் 2,500 வரை. குறியீடு ஒன்று கூடினால் துகள்கள் ஏறத்தாழ இரு மடங்கு. ஃபில்டரில் 10 மைக்ரான் என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெரிதாக எதையும் சொல்வதில்லை. 10 மைக்ரானில் பீட்டா 200 என்றிருந்தால், அந்த அளவும் அதற்கு மேலும் உள்ள 200 துகள்களில் 199 ஐப் பிடிக்கும் என்று பொருள். எண்ணெயின் பெயரில் வரும் வி.ஜி. 46 என்பதோ 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை.

கடைசியாக அக்குமுலேட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இது உயரமான கோபுரத்தில் பெரும் எடையை ஏற்றிவைத்து அழுத்தத்தைச் சேமிக்கும் அமைப்பாக இருந்தது. 1883 இல் தொடங்கிய லண்டன் ஹைட்ராலிக் பவர் நிறுவனம் தெருக்களின் அடியில் குழாய்கள் பதித்து, ஏறத்தாழ 55 பார் அழுத்தத்தில் தண்ணீரை லிஃப்டுகளுக்கும் கிரேன்களுக்கும் 1977 வரை விற்றது. இன்று நீங்கள் பார்ப்பது ரப்பர் பைக்குள் நைட்ரஜன் அடைத்த எஃகுக் கலம். நைட்ரஜனைத் தவிர வேறெதையும் அதில் நிரப்பக் கூடாது; ஆக்ஸிஜன் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். பம்ப்பை நிறுத்திய பின்பும் இது லைனில் முழு அழுத்தத்தை வைத்திருக்கும் என்பதால், எந்த ஃபிட்டிங்கைத் தளர்த்தும் முன்பும் அக்குமுலேட்டரின் வடிப்பு வால்வைத் திறந்து, கேஜ் சுழிக்கு வந்ததைப் பார்த்துவிட வேண்டும். ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடாமல் ஓர் அட்டையைக் காட்டிப் பாருங்கள். உயரழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால், வெளியே சிறு புள்ளியாகவே தெரிந்தாலும், உடனடியாக அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.